முதியோர் இல்லம் பார்க்கப் போறியா? ராத்திரிக் கணக்கைக் கேளு

அம்மாவுக்கோ மாமியாருக்கோ முதியோர் இல்லம் பார்க்க வேண்டிய நிலைமை வந்தாச்சா? ஊர் பேசினா பேசிட்டுப் போகட்டும், அதைக் காதுல வாங்காதே. ஆனா இடம் பார்க்கிறதுல மட்டும் அவசரம் வேண்டாம் தங்கச்சி. வாசல்ல பிள்ளையார், முற்றத்துல துளசி மாடம், ஹால்ல பெரிய டிவி, மேனேஜரம்மா கொடுக்கிற காபி, இதுலயே பாதிப் பேர் அட்வான்ஸ் கட்டிடுறாங்க. பகல் பதினோரு மணிக்கு எந்த இல்லமும் நல்லாத்தான் இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு அங்கே என்ன நடக்கும்னுதான் நீ கேட்கணும்.

முதல்ல பாத்ரூமைப் பாரு. விருந்தாளிக்கு வெச்சிருக்கிறது வேண்டாம், அங்கே தங்கியிருக்கிறவங்க போறதைக் காட்டச் சொல்லு. கட்டிலுக்கும் கக்கூஸுக்கும் நடுவுல இருக்கிற பத்தடி தூரம்தான் வயசானவங்களுக்கு ஆபத்து. தண்ணி வெளியே வரக்கூடாதுன்னு நம்ம ஊர்ல பாத்ரூம் வாசல்ல ஒரு படி கட்டிடுவாங்க, தூக்கக் கலக்கத்துல அதுதான் இடறும். செருப்பைக் கழட்டிட்டு ஈரத் தரையில நின்னு பாரு, வழுக்குதான்னு உன் காலே சொல்லிடும். கம்மோடு பக்கத்துல கைப்பிடி இருந்தா உன் முழு பாரத்தையும் போட்டு இழு. துண்டு போடுற கம்பியைக் காட்டி 'இதோ கைப்பிடி'ன்னு சொல்றவங்களும் உண்டு. தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கணும். கதவு வெளிப்பக்கமா திறந்தா இன்னும் நல்லது. உள்ளே விழுந்தவங்க கதவை ஒட்டிக் கிடந்தா, உள்பக்கமா தள்ளித் திறக்கவே முடியாது. கட்டில் பக்கத்துல மணி இருந்தா அழுத்திட்டு நில்லு. யார் வர்றாங்க, எவ்வளவு நேரத்துல வர்றாங்கன்னு பாரு. யாருமே வரலேன்னா அடுத்த இல்லத்தைப் பார்க்கக் கிளம்பு.

அடுத்தது ராத்திரி டூட்டி. எத்தனை பேர், முழிச்சிருப்பாங்களா, பாயைப் போட்டுப் படுத்துடுவாங்களா? படுத்த படுக்கையா இருக்கிறவங்களைச் சுமார் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்கணும். இல்லேன்னா வால் எலும்பு, இடுப்பு, குதிகால் பக்கமெல்லாம் படுக்கைப் புண் வந்துடும். புரட்டினதை எழுதி வைக்கிற நோட்டைக் காட்டச் சொல்லு. வாரம் முழுக்க ஒரே பேனா, ஒரே கையெழுத்துன்னா ஒரே மூச்சுல உட்கார்ந்து எழுதினதா இருக்கலாம். ராத்திரி நெஞ்சு வலி வந்தா 108-ஐக் கூப்பிடுறது யார், கூட ஆஸ்பத்திரிக்குப் போறது யார், அந்த நேரத்துல மத்தவங்களைப் பார்த்துக்கிறது யார்? கடைசிக் கேள்விக்குத்தான் நிறைய இடத்துல பதில் வராது.

பூட்டு விஷயத்தை விட்டுடாதே. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடிச்சு 28 பேர் செத்துப் போனாங்க. சங்கிலியில கட்டி வெச்சிருந்ததால ஓட முடியலை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியில கட்டுறதை எந்த வடிவத்துலயும் கூடாதுன்னு தடை பண்ணியிருக்கு. ஏர்வாடியில இருந்தது முதியோர் இல்லம் இல்லைதான். ஆனா மறதி நோய் உள்ளவங்க வெளியே போயிடுவாங்கன்னு ராத்திரியில கதவைப் பூட்டுற பழக்கம் இங்கேயும் இருக்கு. சாவி யார்கிட்ட இருக்கு, அவர் டீ குடிக்கப் போனா என்ன வழின்னு கேளு. தீயணைக்கிற சிலிண்டர்ல முள் பச்சையில நிக்குதா, அடுத்து எப்போ நிரப்பணும்னு தேதி எழுதியிருக்கான்னு பாரு. தீப்பிடிச்சா லிஃப்டுல ஏறக்கூடாது, அதனால நடக்க முடியாதவங்களை மாடியில தங்க வெச்சிருக்காங்கன்னா எனக்கு அந்த இடமே வேண்டாம். கட்டிலோட கட்டி வைக்கிறது உண்டா, டாக்டர் சொல்லாம தூக்க மாத்திரை கொடுக்கிறது உண்டான்னும் நேராவே கேட்டுடு. கோபப்பட்டா பரவாயில்லை, கோபமும் ஒரு பதில்தான்.

சாப்பாட்டை மெனு அட்டையை வெச்சு எடை போடாதே. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துல சொல்லாம போய் நில்லு. ஊட்டி விடுறவங்க நிமிர்த்தி உட்கார வெச்சு ஊட்டுறாங்களா, படுக்க வெச்சு வாயில திணிக்கிறாங்களா? படுத்தபடி ஊட்டினா சாப்பாடு நுரையீரலுக்குள்ள போயிட வாய்ப்பிருக்கு. அங்கே இருக்கிறவங்க நகத்தையும் பாரு. நகம் வெட்ட நேரமில்லாத இடத்துல வேற எதுக்கு நேரம் இருக்கப் போகுது?

காகிதம் அப்புறம்தான், ஆனா கட்டாயம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டம் 2007-ல வந்தது. இல்லம் அதன் கீழ பதிவாகியிருக்கான்னு கேளு. பதிவுச் சான்றை ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தாலும் மாவட்ட சமூக நல அலுவலகத்துல ஒரு தடவை விசாரிச்சுக்கோ. டெபாசிட் எவ்வளவு திரும்ப வரும், ஆஸ்பத்திரிச் செலவு, டயப்பர் செலவு யாருது, உடம்பு மோசமானா 'கூட்டிட்டுப் போங்க'ன்னு சொல்வாங்களா, எல்லாத்தையும் எழுத்துல வாங்கு. பென்ஷன் ஏடிஎம் கார்டு, நகை, வீட்டுப் பத்திரம் எதையும் ஆபீஸ் அலமாரியில கொடுத்து வைக்காதே.

சேர்த்த பிறகு முதல் மாசம் வேற வேற நேரத்துல போய்ப் பாரு. மாசா மாசம் எடை பார்க்கச் சொல்லிக் குறிச்சுக்கோ. எடை வேகமா குறைஞ்சா டாக்டரைப் பார்க்காம விடாதே. அம்மா கையிலேயே ஒரு போன் இருக்கட்டும், பக்கத்துல ஆள் இல்லாதப்போ பேசு. மனசுக்கு ஏதாவது உறுத்தினா 14567-க்குக் கூப்பிடு. மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண் அது, காலையில எட்டு மணியிலிருந்து ராத்திரி எட்டு மணி வரைக்கும் எடுப்பாங்க. அந்த நம்பரை அம்மா போன்லயும் பதிஞ்சு வெச்சுட்டு வா.