எருது மலையும் கோணல் மரமும்

அன்புள்ள கயல்விழிக்கு,

மனிதன் பிறவியிலேயே நல்லவனா, கெட்டவனா என்று கல்லூரிப் பட்டிமன்றத்தில் பேசப் போவதாக எழுதியிருந்தாய். எந்த அணி என்று இன்னும் முடிவாகவில்லை என்றால் வசதிதான். இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டுப் போ. இந்த வழக்கைச் சீனத்தில் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கூர்மையாக நடத்தியிருக்கிறார்கள்.

அப்போது சீனம் ஒரே நாடாக இல்லை. ஏழு பெரிய அரசுகள் ஓயாமல் போரிட்டன. அந்த நெருப்புக்கு நடுவே, கன்பூசியஸின் வழிவந்த இரண்டு பேர் ஒருவருக்கொருவர் நேர் எதிரான முடிவுக்கு வந்தார்கள்.

மூத்தவர் மென்சியஸ். கிணற்றில் விழப்போகும் குழந்தையைக் கண்டால் யாருக்கும் நெஞ்சு பதறும் என்றார். பெற்றவர்களின் நன்றிக்காகவோ ஊரார் மெச்சவோ அல்ல, யோசிப்பதற்கு முன்பே பதறிவிடுகிறது. அதுவே அறத்தின் முளை. அப்படியானால் கொடியவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? அதற்கு எருது மலையைக் காட்டினார். ஒரு காலத்தில் அதில் அடர்ந்த மரங்கள் இருந்தன. தலைநகர் பக்கத்தில் இருந்ததால் கோடரிகள் வெட்டித் தீர்த்தன. மீண்டும் துளிர்த்ததை ஆடுமாடுகள் மேய்ந்தன. பின்னால் வந்தவர்கள் அது எப்போதுமே மொட்டை மலை என்று நினைத்துக்கொண்டார்கள்.

இதை அவர் அரசியலுக்கும் கொண்டுபோனார். நிலையான பிழைப்பு இல்லாத மக்களிடம் நிலையான மனத்தை எதிர்பார்க்க முடியாது. அவர்களைக் குற்றத்தில் விழவிட்டுப் பிறகு தண்டிப்பது மக்களுக்கு வலை விரிப்பதுதான் என்று ச்சி நாட்டு அரசனிடமே சொன்னார்.

இளையவர் சுன்சி. அவர் காலத்தில் போர் இன்னும் கொடுமையாகியிருந்தது, கி.மு. 260இல் ச்சாங்பிங்கில் அவர் பிறந்த ச்சாவோ நாடு பெரும்படையையே பறிகொடுத்தது. மனிதன் ஆசையோடும் பொறாமையோடும் பிறக்கிறான். அரசையும் சட்டத்தையும் எடுத்துவிட்டுப் பாருங்கள், வலியவன் எளியவனைப் பிடுங்குவான் என்றார் அவர். கோணல் மரத்தை ஆவியில் வாட்டி நிமிர்த்துவதுபோல் மனிதனையும் கல்வியாலும் ஒழுங்காலும் நிமிர்த்த வேண்டும். 'எல்லாரும் கெட்டவர்கள் என்றால் முதல் சான்றோன் எப்படி வந்தான்?' என்று எதிரணி மடக்கும். அதற்கும் அவரிடம் பதில் உண்டு: பானை குயவனின் பிறவிக் குணத்திலிருந்து வரவில்லை, உழைப்பிலிருந்து வருகிறது, அறமும் அப்படியே. தெருவில் போகிற எவரும் முயன்றால் சான்றோர் ஆகலாம் என்று சொன்னவரும் இவரேதான்.

ஆக, மனிதனைப் பற்றி முரண்பட்ட இருவரும் சமூகத்தின் கடமையில் பக்கத்தில் வந்துவிடுகிறார்கள். முளையைக் காக்கவும் ஆள் வேண்டும், கோணலை நிமிர்த்தவும் ஆள் வேண்டும். ஆபத்து அடுத்த தலைமுறையில் வந்தது.

ஹான் ஃபெய், லி சி இருவரும் சுன்சியின் மாணவர்கள். மரம் கோணல் என்பதை எடுத்துக்கொண்டார்கள்; நிமிரும் என்பதை விட்டுவிட்டார்கள். ஆட்சிக்குப் பரிசும் தண்டனையும் போதும் என்றார் ஹான் ஃபெய். கி.மு. 221இல் சீனத்தை ஒன்றாக்கிய சின் பேரரசில் லி சி தலைமை அமைச்சரானார், கி.மு. 213இல் அவர் யோசனைப்படி நூல்கள் எரிக்கப்பட்டன. நான்கே ஆண்டுகளில் கிளர்ச்சி வெடித்தது. மழையில் வழி அடைபட்டுத் தாமதமான படையாட்கள், தாமதத்துக்கும் மரணம், கலகத்துக்கும் மரணம் என்றால் கலகமே செய்வோம் என்று எழுந்ததாக வரலாற்றாசிரியர் சீமா சியென் எழுதுகிறார். கி.மு. 206க்குள் பேரரசே இல்லை. அதன் வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் அச்சத்தை மட்டும் நம்பிய ஆட்சியில், தண்டனை உச்சத்தைத் தொட்டபின் அச்சுறுத்த எதுவும் மிச்சமில்லை.

மேடையில் நீ எந்த அணியில் நின்றாலும் ஒரு கேள்வியை விட்டுவிடாதே. 'மனிதர்கள் இப்படித்தான்' என்று ஒருவர் சொன்னால், அதனால் என்ன செய்யச் சொல்கிறார் என்று கேள். சோறும் பள்ளிக்கூடமும் வேண்டும் என்பவரோடு வாதாடலாம். அவர் நல்லவன் கட்சியோ கெட்டவன் கட்சியோ, மனிதன் மாறுவான் என்று நம்புகிறார். 'இவர்களைத் திருத்த முடியாது, அடக்கத்தான் வேண்டும்' என்பவரிடம் சின் பேரரசின் ஆயுள் எத்தனை ஆண்டு என்று கேட்டுவிட்டு உட்கார். பதினைந்து என்று நடுவரே சொல்லட்டும்.

அன்புடன்,
மாமா