குழல் குளிர்ந்தால் வான் தெளியும்

தமிழாசிரியனுக்குத் தொலைகாட்டியில் என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். மாணாக்கரின் ஏமாற்றமே என்னை இப்பாடத்திற்கு ஈர்த்தது.

பெல்மதுளையில் மழை ஓய்ந்த ஓர் இரவு, பழைய மாணவர் ஒருவர் உவந்தளித்த தெறிதொலைகாட்டியைத் தகரக் கூரையறையிலிருந்து முற்றத்திற்குக் கொணர்ந்தோம். வியாழன், உலைநீரிற் கொதிக்கும் அரிசிபோல் துடித்தது. “ஆடி பழுது, ஐயா” என்றனர் மாணவர். பலர் ஒன்றுங் காணாமலே லயங்களுக்குத் திரும்பினர். இரண்டு மணி நேரத்தின்பின், அதே ஆடியில் வியாழனின் பட்டைகள் தெளிவாய் நின்றன. பழுது ஆடியில் இல்லை. அதில் தங்கிய வெப்பத்திலேயே இருந்தது.

காரணம் யாது? பகலில் சூடேறிய தடித்த கண்ணாடி மெல்லவே ஆறும். அதனைத் தொட்ட காற்று வெம்மையுற்று விரிந்து மேலெழும்; குளிர்ந்த காற்று கீழிறங்கும். இதுவே மேற்காவுகை. காற்றின் வெப்பநிலை ஒரு பாகை மாறின், அதன் முறிவுச் சுட்டி ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மாறும். அற்பமெனத் தோன்றும் அம்மாற்றமே, குழலினுள் ஒளியை நெளியச் செய்யப் போதுமானது. நண்பகலில் தார்வீதியின்மேல் நெளியும் கானலும் இவ்வகையதே.

பரிகாரம் எளிது. தேயிலைத் தொழிற்சாலையிற் கொழுந்தை வாட்டுவதற்கு அதனூடே விசிறியாற் காற்றைச் செலுத்துவதை நாம் அறிவோம். அவ்வாறே, ஆடியின் பின்புறத்தில் மின்கலத்தால் இயங்கும் சிறு விசிறியொன்றைப் பொருத்தினால், ஆடி விரைந்து ஆறும். அதன்மேற் படிந்த வெம்மைப் படலமுங் கலையும். விசிறியின் அதிர்வு குழலைத் தாக்காவண்ணம் அதனை இறப்பர்ப் பட்டியில் தொங்கவிடல் வேண்டும்.

ஆயினும் அளவு கடத்தல் ஆகாது. பனிக்கட்டி முதலியவற்றால் ஆடியைச் சுற்றுக்காற்றினும் மிகக் குளிர்வித்தால், ஈரம் மிகுந்த நம் மலைநாட்டில் அதன்மேல் நீர்த்துளி படியும். சுற்றுக்காற்றின் வெப்பநிலையை ஆடி எய்துதலே நம் நோக்கம்.

பெருங்கருவிகளுக்கும் இவ்விதி பொருந்தும். கோடைக்கானலில் 1960ஆம் ஆண்டளவில் அமைந்த சூரியத் தொலைகாட்டி, ஒளியை நிலத்தடியில் 60 மீற்றர் நீளச் சுரங்கத்தினூடே செலுத்துகிறது. ஹவாயில் 8.2 மீற்றர் ஆடியுடைய சுபாரு தொலைகாட்டியில், வரப்போகும் இரவின் குளிருக்கேற்ப ஆடியைப் பகலிலேயே குளிர்விப்பர்.

பழைய மாணவர்காள்! பாடசாலைக்குத் தொலைகாட்டி ஈவோர், ஒரு சிறு விசிறியையும் உடன் ஈக. ஆசிரியர்காள்! அந்தி சாயுமுன் கருவியை வெளியில் வைத்திடுக. முதன்முறை கண்ணை வைக்கும் குழந்தைக்கு மங்கல் தெரிந்தால், அது மறுமுறை வாராது போகலாம்.