அஜந்தாவின் மண்பூச்சு

மகாராஷ்டிரத்தில் வாகோரா ஆறு வளைந்தோடும் மலைச்சரிவில், பௌத்தத் துறவியருக்காகக் குடையப்பட்டவை அஜந்தாக் குகைகள். அவற்றுள் மிகப் பழையவை கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை. அங்குச் செல்வோர் ஓவியங்களை வியப்பர். அவை எதன்மேல் தீட்டப்பட்டவை என எண்ணுவோர் சிலரே. மண்ணின்மேல்தான்! களிமண்ணோடு உமியும் வைக்கோலும் குழைத்து (நம் பாட்டிமார் சுவருக்குக் குழைத்தது போலவே) பாறையில் அப்பி, மெல்லிய சுண்ணாம்புப் பூச்சிட்டு, உலர்ந்தபின் வண்ணம் தீட்டினர். ஆதலால் கைபட்டாலே உதிரக்கூடும்.

1819 ஏப்ரல் 28-இல் வேட்டைக்கு வந்த ஆங்கில அதிகாரி ஜான் ஸ்மித், 10-ஆம் குகையின் தூண் ஓவியத்தின்மேல் தம் பெயரையும் தேதியையும் கீறிச் சென்றார். அன்று தரையில் மண்ணும் கல்லும் மேடிட்டிருந்தன. அவை அகற்றப்பட்டபின், அக்கீறல் நம் தலைக்கு மேலே நிற்கிறது.