வெளியே நிற்கும் டிரிப்டோபன்



மலாக்காவின் பாச்சாங்கிலிருந்து புரத அமைப்பியல் படிக்கப் புறப்படும் தங்கையே, உனக்கு முதல் பாடமாக ஒன்றைச் சொல்வார்கள். புரதச் சங்கிலி மடியும்போது லியூசின், வேலின் போன்ற நீரோடு ஒட்டாத அமினோ அமிலங்கள் உள்ளே ஒடுங்கும். லைசின், குளுட்டாமிக் அமிலம் போன்ற மின்னூட்டம் கொண்டவை வெளியே நீரோடு நிற்கும். எண்ணெய்த்தன்மையுள்ள பகுதிகள் நீரிலிருந்து விலகுவதே இந்த மடிப்பின் முக்கிய உந்துதல் என்று 1959இல் வால்டர் காஸ்மன் வாதிட்டார். இதை நன்றாகக் கற்றுக்கொள், ஆனால் சட்டமாக்கிவிடாதே. விதியை மீறி நிற்கும் அமிலம் பலமுறை அந்தப் புரதத்தின் வேலையையே காட்டிக்கொடுக்கும்.

சான்று நம் மண்ணிலேயே இருக்கிறது. 1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பிறகு தலைமுறைகளாக நம்மவர்கள் சீவிய அந்தப் பால்மரத்தின் பாலில் ஹெவீன் என்ற புரதம் உண்டு. அதில் 43 அமினோ அமிலங்களே. எண்ணெய்த்தன்மையுள்ள பெரிய உட்கரு அமைய அந்த அளவு போதாது. 8 சிஸ்டீன்கள் ஜோடி சேர்ந்து நான்கு கந்தகப் பிணைப்புகளால் அதை இறுக்கிப் பிடிக்கின்றன. உள்ளே போயிருக்க வேண்டிய டிரிப்டோபன்கள் 21, 23ஆம் இடங்களிலும், டைரோசின் 30ஆம் இடத்திலும் பரப்பில் நிற்கின்றன. பிழையல்ல. பூஞ்சையின் சுவரிலுள்ள கைட்டினின் சர்க்கரை வளையங்களைப் பற்றுபவை இவைதாம். காயம்பட்ட மரத்துக்கு இது காவல்.

நீர் மட்டுமே இடத்தைத் தீர்மானிப்பதும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் எலும்புக்கு வலுவூட்டும் கொலாஜன் என்ற புரதத்துக்கு முப்புரி அமைப்பை முன்வைத்தார்கள். மூன்று இழைகள் நெருங்கும் நடு அச்சில், பக்கச் சங்கிலியாக ஒரே ஹைட்ரஜன் கொண்ட கிளைசினுக்குத்தான் இடம்; அதனால்தான் மூன்றில் ஒன்று கிளைசின். அங்கே பெரிய அமிலம் புகுந்தால் எலும்பு நொறுங்கும் நோய் வரலாம்.

ஆல்ஃபாஃபோல்ட் என்ற கணினி நிரல் புரத வடிவத்தைக் கணித்துத் தருகிறதே, இதெல்லாம் எதற்கு என்று கேட்பாய். 2024இல் நோபல் பரிசு பெற்ற சாதனை அது, பயன்படுத்து. ஆனால் அரிவாள் செல் நோயைப் பார். ஹீமோகுளோபின் புரதத்தின் பீட்டா சங்கிலியில் 6ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலம் போய் வேலின் வருகிறது. ஹீமோகுளோபினின் மடிப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. வெளியே நிற்கும் அந்த வேலின், உயிர்வாயு இழந்த மூலக்கூறுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. படத்தை மட்டும் பார்ப்பவனுக்கு இது பிடிபடாது. இத்தனை விலக்குகள் இருந்தால் விதி எதற்கு என்றும் கேட்கலாம். விதி தெரியாதவனுக்கு அந்த வேலின் பத்தோடு பதினொன்று.

ஆகவே புதிய அமைப்பு எதையும் திறந்ததும், நீர் படும் பரப்பில் நிற்கும் டிரிப்டோபன்களையும் வேலின்களையும் முதலில் குறித்துக்கொள். அவை அங்கே யாரைப் பற்றக் காத்திருக்கின்றன என்று கேள்.