தண்டவாளக் கட்டை மரத்தில் ஒரு டிரம்

குடியரசு தின அணிவகுப்பில் வீரர்கள் நடந்து வரும்போது, அவர்கள் காலடிக்குத் தாளமாக 'டர்ர்ர்... டப்' என்று ஓர் ஓசை கேட்கிறதே, அது என்ன வாத்தியம் என்று வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். "ஸ்நேர் டிரம், தாத்தா" என்று உடனே பதில் வரும். பள்ளி பாண்டிலும் அதுதான். சினிமாப் பாடல்களில் இரண்டாவது, நான்காவது தட்டில் 'சட்' என்று விழும் அடியும் பெரும்பாலும் அதுதான். நம் சங்கக் குடும்பங்களிலும் மிருதங்கம் கற்ற கையோடு டிரம்ஸ் கற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும், அவர்களுக்கு டிரம் வாங்கித் தரவேண்டிய பெற்றோருக்கும் பயன்படட்டும் என்றுதான் இக்கட்டுரை.

நான் இசைக்கலைஞன் அல்லன். சிவில் டிப்ளமோ படித்து, ரயில்வேயின் இருப்புப்பாதைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் மரத்தைத் தட்டி ஓசை கேட்பது எங்களுக்கும் தொழில்தான். நான் பணியில் சேர்ந்த 1980களில், பல கிளைப் பாதைகளிலும் பாலங்களிலும் தண்டவாளத்தின் கீழ் மரக்கட்டைகளே இருந்தன. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால், நல்ல கட்டை 'டங்' என்று கெட்டியாகப் பேசும்; உள்ளே உளுத்த கட்டை 'பொத்' என்று அடங்கிவிடும். அந்தக் காலத்தில் மூத்தவர்கள் வாயிலாக நான் கேள்விப்பட்ட மரங்களில் ஒன்று ஆஸ்திரேலியாவின் ஜாரா. அதே மரத்தில் செய்த ஸ்நேர் டிரம்முக்கு டிரம் வாசிப்போரிடையே தனி மதிப்பு உண்டு என்று பின்னாளில் அறிந்தபோது, அதன் காரணத்தைத் தெரிந்துகொள்ள ஆவல் பிறந்தது.

டிரம்மின் அமைப்பு

முதலில் வாத்தியத்தைப் புரிந்துகொள்வோம். ஸ்நேர் டிரம் என்பது உயரம் குறைந்த ஓர் உருளை. வழக்கமான அளவு 14 அங்குல விட்டம். உயரம் 5 முதல் 6½ அங்குலம். இந்த உருளைக்கு ஷெல் என்று பெயர். மேலும் கீழும் இரண்டு தோல்கள். தோல் என்று சொன்னாலும், 1950களின் பிற்பகுதியிலிருந்து பெரும்பாலும் பாலியெஸ்டர் தகடுதான். மேல்தோல் குச்சியின் அடி வாங்குவது. கீழ்த்தோல் மிக மெல்லியது. அந்தக் கீழ்த்தோலை ஒட்டினாற்போல் சுமார் இருபது சுருள் கம்பிகள் குறுக்கே இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். பழைய நாளில் இவை விலங்கின் குடலிலிருந்து திரித்த நரம்புகள்.

மேல்தோலில் அடி விழுந்ததும் உள்ளே இருக்கும் காற்று அழுத்தப்பட்டுக் கீழ்த்தோலைத் தள்ளுகிறது. கீழ்த்தோல் அதிர்ந்து கம்பிகளில் மோத, கம்பிகள் திரும்பத் தோலில் மோதுகின்றன. அந்தச் 'சரசர'ப்புதான் இந்த டிரம்மின் அடையாளம். ஒரு சிறு நெம்புகோலைத் தளர்த்திக் கம்பிகளை விலக்கிவிட்டால், அதே டிரம் வேறு வாத்தியம்போல் 'டும்' என்று ஒலிக்கும்.

இதில் ஷெல்லின் வேலை என்ன? இரண்டு தோல்களையும் அசையாமல் ஏந்தி நிற்பது. கேட்பதற்கு எளிய வேலைதான். ஆனால் ஜாராவின் சிறப்பு முழுவதும் இந்த 'அசையாமல்' என்ற சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

மூன்று மரங்கள்

ஜாரா ஒரு யூகலிப்டஸ். நாம் தைலமரம் என்போமே, அந்த இனம். தைலமரம் என்றதும் காகிதக் கூழும் விறகும்தான் நமக்கு நினைவு வரும். ஆனால் யூகலிப்டஸில் பல நூறு வகைகள் உண்டு. ஜாரா வளர்வது ஆஸ்திரேலியக் கண்டத்தின் தென்மேற்கு மூலையில் மட்டுமே. பெயரும் அப்பகுதியின் பூர்வகுடிகளான நூங்கர் மக்களின் மொழியிலிருந்து வந்தது. சிவந்த மரம், கறையான் எளிதில் அண்டாது, ஈரத்தையும் வெயிலையும் தாங்கும். ஆகவே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது கப்பல் கப்பலாக ஏற்றுமதியாயிற்று. லண்டன் தெருக்களில் கல்லுக்குப் பதிலாகப் பதிக்கவும், இந்தியா உள்ளிட்ட நாடுகளில் தண்டவாளக் கட்டைகளாகவும் அது பயன்பட்டது.

டிரம் செய்யப் பயன்படும் இன்னும் இரண்டு மரங்களும் அதே பகுதியைச் சேர்ந்தவை. வாண்டூ என்பது ஜாராவைவிடக் கடினமான யூகலிப்டஸ். ஷீஓக் என்பது நம் கடற்கரைச் சவுக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. அறுத்துப் பார்த்தால் சிறுத்தை மேனிபோல் அழகான கீற்றுகள் தெரியும்.

எடையை ஒப்பிடுவோம். உலர்ந்த நிலையில் ஒரு கன மீட்டருக்கு ஷீஓக் சுமார் 730 கிலோ, ஜாரா சுமார் 820, வாண்டூ சுமார் 1,100. வாண்டூவைத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும்! டிரம் செய்ய உலகெங்கும் அதிகம் பயன்படும் வட அமெரிக்க மேப்பிள் மரம் சுமார் 700. நம் மத்திய இந்தியக் காடுகளின் சால் மரம் ஏறக்குறைய ஜாராவின் எடைதான்; அதனால்தான் அதுவும் தண்டவாளத்தின் கீழ் உழைத்தது.

ஷெல்லின் எடையையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 14 அங்குல விட்டம், 6½ அங்குல உயரம், அரை அங்குலக் கனம் கொண்ட ஷெல்லில் ஏறத்தாழ 2,200 கன சென்டிமீட்டர் மரம் இருக்கும். மேப்பிளில் அது ஒன்றரைக் கிலோ, ஜாராவில் 1.8 கிலோ, வாண்டூவில் கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோ.

வளையாத மரத்தை வளையமாக்குதல்

வழக்கமான மர டிரம்களை ஒட்டுப்பலகை முறையில் செய்வார்கள். மரத்தை மெல்லிய தாள்களாகச் சீவி, பசை தடவி, அச்சுக்குள் பல அடுக்காக வளைத்து இறுக்குவது. ஷெல்லின் கனம் பெரும்பாலும் 5 முதல் 7 மில்லிமீட்டர். மிகக் கடினமான மரத்தை இப்படிச் சீவி வளைப்பது பெரும்பாடு, பிளந்துவிடும்.

பெர்த் நகரையொட்டிய பகுதியில் கிறிஸ் பிரேடி என்பவர் 1980களில் இதற்கு வேறு வழியைக் கையாண்டு புகழ்பெற்றார். அது பீப்பாய் செய்யும் வழிதான். கெட்டி மரத்தைச் சிறு செங்குத்துத் துண்டுகளாக அறுத்து, பக்கத்தோடு பக்கம் ஒட்டி வளையமாக்கி, பிறகு கடைசல் இயந்திரத்தில் உள்ளும் புறமும் கடைந்து எடுப்பது.

இதில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 20 துண்டுகளில் ஒரு வட்டம் வேண்டும் என்றால், ஒவ்வொரு துண்டின் பக்கத்தையும் எத்தனை பாகை சாய்த்து அறுக்க வேண்டும்? மொத்தம் 360 பாகை. 20 இணைப்புகள். ஓர் இணைப்புக்கு 18. அதை இரு துண்டுகளும் பங்கிட்டுக்கொள்வதால் ஆளுக்கு 9 பாகை. இதில் கால் பாகை தவறினால், 40 பக்கங்களிலும் சேர்ந்து 10 பாகை தவறிவிடும்; வளையம் மூடாது. மரமும் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஒட்டிய பிறகு மரம் சுருங்கினால் இணைப்பு வாய் திறந்துவிடும்.

இம்முறையில் பொறியியல் நோக்கில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. துண்டுகள் நின்ற நிலையில் இருப்பதால் மரத்தின் நார் மேலிருந்து கீழாக ஓடுகிறது. தோலை இறுக்கும் திருகாணிகள் ஷெல்லின் விளிம்பை அழுத்துவதும் அதே திசையில். நார் ஓடும் திசையில் அழுத்தினால் மரம் மிகுந்த பலம் காட்டும்; வீட்டுத் தூண் நிற்பது இந்தப் பலத்தில்தான். தண்டவாளக் கட்டையின் பாடு நேர்மாறு. அது படுத்த நிலையில், நாருக்குக் குறுக்கே ரயிலின் பாரத்தை வாங்குகிறது. குறுக்கு அழுத்தத்தையே பல்லாண்டு தாங்கும் மரத்துக்கு, தூணாக நின்று ஒரு தோலை ஏந்துவது பெரிய காரியமா என்ன?

மரம் பாடுகிறதா?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். "ஜாராவின் நாதம்" என்று சொல்கிறார்களே, மரமா பாடுகிறது?

பாடுவது தோல். மரம் செய்வது, அந்தப் பாட்டைத் திருடாமல் இருப்பது. ஒரு ரப்பர் பந்தைக் கல்தரையில் போட்டால் நன்றாக எழும்பும். மணலில் போட்டால் அப்படியே உட்கார்ந்துவிடும். பந்து ஒன்றுதான், தரை அதன் சக்தியை வாங்கி விழுங்குகிறதா, திருப்பித் தருகிறதா என்பதே வித்தியாசம். டிரம்மின் தோல் அதிரும்போது விளிம்பின் வழியாக ஷெல்லையும் உலுக்கப் பார்க்கிறது. ஷெல் இலேசாகவும் நெகிழ்வாகவும் இருந்தால் அதிர்வின் ஒரு பங்கு அதற்குள் போய் வீணாகும். கனமாகவும் விறைப்பாகவும் இருந்தால், அதிர்வு தோலிலேயே தங்கிக் காற்றுக்குப் போகும். ஆகவே அடி பட்டவுடன் எழும் 'சட்' கூர்மையாகவும் உரக்கவும் கேட்கிறது. மெல்ல உருட்டினாலும் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகத் தெரிகிறது. பெரிய மேடையில் கிதார்களின் நடுவேயும் இந்த டிரம் எடுபடுவது இதனால்தான்.

வாசிப்பவர்கள் ஜாராவின் ஓசையைத் தெறிப்பும் ஆழமும் சேர்ந்தது என்பார்கள். வாண்டூ இன்னும் கூர்மை. ஷீஓக் சற்றே இதமானது. மூன்றின் எடையோடும் இது பொருந்தி வருகிறது. நம் மிருதங்கத்துக்கு முற்றிய பலாவின் கனத்த கட்டையைத் தேடுவதும் இதை ஒத்த அறிவுதான்.

அதற்காக எல்லாப் புகழையும் மரத்துக்கே கொடுத்துவிடக் கூடாது. ஓசையைத் தீர்மானிப்பதில் முதலிடம் தோலுக்கும் அதன் இறுக்கத்துக்கும். அடுத்தது விட்டம், உயரம். பிறகு தோல் அமரும் விளிம்பு எவ்வளவு செம்மையாகச் சீவப்பட்டிருக்கிறது என்பது. இவற்றுக்குப் பிறகே மரம். அதிலும் ஜாரா டிரம்களின் குணத்தில் ஒரு பங்கு, அந்த அரை அங்குலக் கனத்துக்கும் செய்முறைக்கும் உரியது. மேப்பிளையும் அதே கனத்தில், அதே முறையில் செய்தால் வித்தியாசம் குறைந்துவிடும்.

வீட்டில் ஒரு சோதனை

பிள்ளைகள் இதைச் செய்து பார்க்கலாம். வாய் ஒரே அளவுள்ள இரண்டு டப்பாக்கள் வேண்டும்: ஒன்று கெட்டியான எவர்சில்வர், மற்றது மெல்லிய அட்டை. உயரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். பெரிய பலூனை வெட்டி, இரண்டின் வாயிலும் ஒரே இறுக்கத்தில் இழுத்து ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். பென்சிலால் ஒரே வேகத்தில் தட்டிக் கேளுங்கள். பிறகு அட்டை டப்பாவின் விளிம்பைச் சுற்றிக் கனமான களிமண்ணை அப்பி மறுபடி தட்டுங்கள். காதே பாடம் சொல்லும்.

காடும் கட்டையும்

ஜாராவின் கடினம் இலவசமாக வந்ததல்ல. வளம் குறைந்த மண்ணில் மெல்ல மெல்ல வளரும் மரம் அது. பல நூறாண்டு வாழக்கூடியது. ஏற்றுமதிக்காகவும் விளைநிலத்துக்காகவும் பெருங்காடுகள் அழிந்தன. வேரைத் தாக்கும் ஒரு நுண்ணுயிரி நோயும், பாக்சைட் சுரங்கங்களும் இன்னும் அந்தக் காட்டைக் குறைத்து வருகின்றன. மேற்கு ஆஸ்திரேலிய அரசு 2021இல் அறிவித்தபடி, இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுவது 2024 தொடக்கத்துடன் நிறுத்தப்பட்டது.

அப்படியானால் இனி டிரம்முக்கு மரம் எங்கே? பழைய வீடுகளின் உத்தரங்கள், பாலங்கள், கழற்றிய தண்டவாளக் கட்டைகள் என்று ஏற்கெனவே வெட்டிய ஜாரா நிறைய இருக்கிறது. நம் அகலப்பாதைக் கட்டை ஒன்றின் அளவை வைத்துக் கணக்குப் போட்டேன். சுமார் 275 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம், 13 கனம். ஏறத்தாழ 89,000 கன சென்டிமீட்டர். ஆணி ஓட்டை, வெடிப்பு, அறுவைத்தூள், கடைசல் சீவல் என்று முக்கால் பங்கு போய்விட்டது என்றே வைத்துக்கொண்டாலும், மீதியில் பத்து டிரம் ஷெல்கள் செய்யலாம். அன்று ஒரு ரயில்பாதையின் ஒரு மைலுக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் கட்டைகள் போட்டோம். இன்று கான்கிரீட் அந்த வேலையை ஏற்றுக்கொண்டதில் எனக்கு வருத்தமில்லை. நூறாண்டு வளர்ந்த மரத்தை மண்ணில் புதைப்பதைவிட, அதில் சிறிதளவை எடுத்து ஒரு தலைமுறைக்குமேல் ஒலிக்கச் செய்வது நல்ல சிக்கனம்.

வாங்கும்போது

டிரம் கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு ஜாரா தேவையில்லை. சாதாரண டிரம்மே போதும். பழையதை வாங்கினால் தோல்களைக் கழற்றச் சொல்லி, ஷெல்லைச் சமதளமான கண்ணாடிமேல் கவிழ்த்துப் பாருங்கள். மேல் விளிம்பு எங்கும் இடைவெளியின்றிப் படிய வேண்டும். கீழ் விளிம்பில் மட்டும், கம்பிகள் கடக்கும் எதிரெதிர் இரண்டு இடங்களில் இலேசான பள்ளம் இருக்கும். அது குறையல்ல, வேண்டுமென்றே சீவியது. பிறகு புதுத் தோல் போட்டு, திருகாணிகளை எதிரெதிராகச் சமமாக இறுக்கக் கற்றுக்கொடுங்கள். இது சரியாக இருந்தால் மலிவான டிரம்மும் நன்றாகப் பேசும். சரியாக இல்லாவிட்டால் ஜாராவும் கைவிட்டுவிடும்.

காது பழகி, வாசிப்பும் பழகிய பின் பிள்ளை கெட்டி மரம் கேட்டால் அப்போது யோசிக்கலாம். கடைக்காரர் மரத்தின் பெயரைச் சொல்லும் முன்பே, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மூன்று டிரம்களைத் தட்டிக் கேட்கச் சொல்லுங்கள். எது பிடித்தது என்று காது சொல்லட்டும். பெயரையும் விலையையும் அதன் பிறகு கேட்டால் போதும்.