லிவர்பூலின் 8ஆம் இலக்க வீடு

‘ஜோர்ஜியன் வீடு’ என்று முதன்முதலில் வாசித்தபோது, அது ஜோர்ஜியா நாட்டு வீடு என்றே எண்ணினேன். உண்மையில் 1714 முதல் 1830 வரை பிரித்தானியாவை அடுத்தடுத்து ஆண்ட நான்கு ஜோர்ஜ் மன்னர்களின் பெயராலேயே அக்காலக் கட்டடக்கலை அழைக்கப்படுகிறது. அக்கலையில் நகரங்களுக்கென வளர்ந்த வடிவம் தொடர்வீடு. அதற்கு உதாரணமாகப் பெரும்பாலும் பாத் நகரின் ரோயல் கிரசென்டையே காட்டுவார்கள். நான் எடுத்துக்கொள்வது லிவர்பூலில், புரூம் டெரஸ் என்ற வரிசையில், 1830 அளவில் எழுந்த 8ஆம் இலக்க வீட்டை.

நகரத்தில் வீதியோர நிலத்துக்கு விலை கூட. ஆகவே தொடர்வீடு அகலத்தில் ஒடுங்கி, பின்னோக்கி நீண்டு, மேல்நோக்கி உயர்ந்தது. இரு வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர். கணப்படுப்புகளின் புகை வழிகளும் அச்சுவருக்குள்ளேயே மேலேறும். பக்கங்களில் யன்னல் வைக்க இடமில்லை. வெளிச்சம் முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோதான் வரவேண்டும்.

முகப்பு யன்னல்களைக் கவனித்தால் வீட்டின் வாழ்க்கையே விளங்கும். அரைவாசி நிலத்துக்குள் இறங்கிய அடித்தளத்தில் சமையலறை. அதற்கு மேலே சாப்பாட்டறை. முதலாம் மாடியில் விருந்தினரை வரவேற்கும் அறை இருந்ததால், ஆக உயரமான யன்னல்கள் அங்கேதான். மேலே போகப் போக யன்னல் சிறுத்துவிடும். கூரைக்கடியில் உறங்கியவர்கள் பணிப்பெண்கள். யாருக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதை வீதியில் நின்றே அளந்துவிடலாம்! போதாததற்கு, 1851 வரை யன்னலுக்கு வரியும் கட்டவேண்டியிருந்தது.

வரிசை முழுவதும் ஒரே மாளிகை போலத் தோன்றவேண்டும் என்பதால் முகப்பில் தனி விருப்பத்துக்கு இடம் குறைவு. பின்புறத்தில் அந்தக் கண்டிப்பு இல்லை. தேவைப்பட்டவர் தேவைப்பட்டபடி நீட்டிக் கட்டினார்.

1887இல் இஸ்லாத்தைத் தழுவிய சட்டத்தரணி அப்துல்லாஹ் குயில்லியமுக்கு இந்த வேறுபாடு கைகொடுத்தது. 1889இல் அவருடைய சிறிய ஜமாஅத் இந்த வீட்டுக்கு வந்தது. குப்பாவும் மினாராவும் கொண்ட பள்ளிவாசலைக் கட்ட வசதி ஏது? வெள்ளைச் சாந்து பூசிய முகப்பை அப்படியே விட்டு, பின்பக்கமாகத் தொழுகை மண்டபம் அமைத்தார்கள். அதை வடிவமைத்தவர் மக்கவர்ன் என்ற கட்டடக்கலைஞர். முகப்பின் நேர்கோடுகளைத் தாண்டி உள்ளே சென்றால், கீழைத்தேயப் பாணி வளைவுகள்.

மினாரா இல்லாத குறையை வீட்டின் மேல்மாடி தீர்த்தது. அங்கிருந்தே பாங்கு சொன்னார்கள். அதற்காக வீதியிலிருந்து கல்லெறியும் வாங்கினார்கள். ஆகவே, அவர்கள் முகப்புக்குப் பின்னால் ஒளிந்து தொழுதார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். ஒளிய நினைப்பவர் மாடியில் ஏறிப் பாங்கு சொல்வாரா? தொடர்வீடு எங்கே இடம் கொடுக்குமோ அங்கே கட்டினார்கள், அவ்வளவுதான்.

1908இல் குயில்லியம் நாட்டைவிட்டுச் சென்றபின் வீடு விற்கப்பட்டு, பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவு அலுவலகமாயிற்று. பல தசாப்தங்கள் அந்த நிலையிலேயே கழிந்தன. பின்னர் மண்டபம் திருத்தப்பட்டு 2014இல் மீண்டும் தொழுகைக்குத் திறக்கப்பட்டது. இன்றும் வீதியால் போகிறவருக்கு ஒரு பழைய தொடர்வீடுதான் தெரியும். பள்ளிவாசல் பின்னால் இருக்கிறது.