கெட்டிமேளத்தில் உறைந்த படம்

கல்யாணங்களுக்கு நேரலை போடுவது என் தொழில். ஆரம்பத்தில் ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின நாள், காலி மண்டபத்தில் மொபைல் டேட்டாவின் வேகம் பார்த்தேன்: அப்லோடு 12 எம்பிபிஎஸ். படம் அனுப்பும் பிட்ரேட்டை 6-ல் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் கெட்டிமேளம் கொட்டும்போது படம் உறைந்தது. சிங்கப்பூரிலிருந்து பெண்ணின் சித்தப்பா போனில்: "தம்பி, தாலி கட்டியாச்சா? இங்க ஐயர் தூக்கின கையை இறக்கவே இல்ல!"

பிறகுதான் காரணம் புரிந்தது. மண்டபம் நிறைந்ததும் அத்தனை போன்களும் ஒரே டவரில் முட்டிக்கொண்டன; தரவுப் பாக்கெட்டுகள் வழியில் தொலைந்தன. நான் படம் அனுப்பிய ஆர்டிஎம்பி என்ற முறை, டிசிபி என்ற நெறிமுறை மேல் ஓடுவது. டிசிபியில் ஒன்று தொலைந்தால், அது திரும்ப வரும்வரை பின்னால் வந்தவையும் காத்திருக்க வேண்டும். பந்தியில் ரசம் வரவில்லை என்று பாயசத்தையும் நிறுத்திவைப்பது போல. போதாததற்கு, பாக்கெட் தொலைந்தால் டிசிபி அதை நெரிசல் என்று எண்ணி அனுப்பும் வேகத்தையும் குறைத்துவிடும்.

அதற்குப் பின் நான் மாற்றிக்கொண்டவை:

1. வேகத்தைக் கூட்டம் கூடிய பிறகு, வரவேற்பு நேரத்தில் அளக்கிறேன். பார்ப்பது அப்லோடு மட்டுமே. கிடைப்பதில் பாதிக்குமேல் பிட்ரேட் வைப்பதில்லை.

2. மண்டபத்திலிருந்து எஸ்ஆர்டி என்ற முறையில் அனுப்புகிறேன். ஹைவிஷன் உருவாக்கி 2017-ல் திறந்த மூலமாக்கிய இது, தொலைந்ததற்காகக் காத்திருக்காத யுடிபி மேல் ஓடுகிறது, நேரலை மென்பொருளான ஓபிஎஸ்ஸிலேயே இருக்கிறது. தொலைந்த பாக்கெட்டை நாம் சொன்ன கெடுவுக்குள் மட்டும் திரும்பக் கேட்கும். கெடு தாண்டினால் விட்டுவிட்டு நகரும். நடுவில் ஒரு வாடகை சர்வர் அதைப் பெற்றுக்கொள்ள, அங்கிருந்து யூடியூபுக்கு ஆர்டிஎம்பியிலேயே போகிறது. டேட்டா சென்டர் லைன் சுத்தமாக இருப்பதால் அங்கே டிசிபி தொந்தரவு தருவதில்லை.

3. அந்தக் கெடுதான் 'லேட்டன்சி'. வழக்கமாக 120 மில்லிசெகண்டில் இருக்கும். பிங் நேரத்தின் (பாக்கெட் போய்த் திரும்பும் நேரம்) நாலு மடங்காவது வேண்டும் என்பார்கள். நான் தாராளமாக 1,500 வைக்கிறேன். பார்ப்பவருக்கு எப்படியும் சில நொடி தாமதமாகத்தான் போய்ச் சேருகிறது.

4. ஒருவருக்கு மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால் கோளாறு அவர் பக்கம். தரத்தை 480-க்குக் குறைக்கச் சொல்கிறேன். யூடியூப் பெரும்பாலும் குவிக் என்ற நெறிமுறையில் வருகிறது. கூகிள் தொடங்கி 2021-ல் இணையத் தரமான இதுவும் யுடிபி மேல்தான் ஓடுகிறது. ஒரு ஓடையில் (ஸ்ட்ரீம்) விழுந்த இழப்பு மற்ற ஓடைகளை நிறுத்தாது. சில அலுவலகங்களில் யுடிபியை அடைத்திருப்பார்கள். அங்கே பிரவுசர் தானாக டிசிபிக்கு மாறிக்கொள்ளும். முன்கூட்டியே சேர்த்துவைக்கும் பஃபர் இருப்பதால் நல்ல லைனில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

அதே குடும்பத்தின் அடுத்த கல்யாணமும் எனக்கே வந்தது. தாலி முடியும் வேளையில் படம் ஒரு நொடி சதுரம் சதுரமாக உடைந்து, அப்படியே ஓடியது. சித்தப்பா கூப்பிட்டார். நெஞ்சு திக்கென்றது.

"தம்பி, பந்தியில என்ன பாயசம்?"